குடிநீர் நிலையமும் ஆலைதான்

விருதுநகர் மாவட்டத்தில் ஆபத்தான வேதிப்பொருள் என்றதும் யாருக்கும் பட்டாசு மருந்துதான் நினைவுக்கு வரும். ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம், அறைக்கும் அறைக்கும் எத்தனை தூரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் விதியில் இருக்கிறது. அதை மீறும்போது உயிர்கள் போகின்றன என்பதையும் இந்த மாவட்டம் பல முறை பார்த்துவிட்டது. விபத்து நடந்த மறுநாள் உரிமம் யார் பெயரில், மேற்பார்வை யாருடையது, எந்த விதி மீறப்பட்டது என்று கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் நீரேற்று நிலையங்களிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் குடிநீரில் கலக்கும் குளோரினைப் பற்றி இப்படிக் கேட்கும் குரல் அரிது. அரசு ஒரு தனியார் ரசாயன ஆலையிடம் என்னென்ன கேட்கிறதோ, அத்தனையையும் நகராட்சியின் குடிநீர் நிலையத்திடமும் கேட்க வேண்டும். அளவு சிறிது, இடம் அரசாங்கத்தினுடையது, நோக்கம் நல்லது என்ற மூன்று காரணங்களும் அந்தக் கேள்வியிலிருந்து யாரையும் விடுவிக்கப் போதாது. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

ஏன் கூடுதலாக என்பதை முதலில் பார்க்கலாம். அருப்புக்கோட்டைக்குத் தண்ணீர் தாமிரபரணியிலிருந்தும் வைகையிலிருந்தும் நெடுந்தூரக் குழாய்களில் வருகிறது. உள்ளூர்க் கிணறுகளில் பல உவர். கண்மாய்கள் மழையை நம்பி நிற்பவை. குண்டாறு வருடத்தில் பெரும்பகுதி மணல். ஆற்றங்கரையில் ஏற்றிய தண்ணீர் நடுவழித் தொட்டிகளில் தேங்கி, மறுபடி ஏற்றப்பட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு வந்து, நாள் கணக்கில் இடைவெளி விட்டுத் தெருக்குழாய்க்கு வருகிறது. வீட்டில் அது மேலும் சில நாள் சின்டெக்ஸிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் இருக்கும். இந்தப் பயணத்தில் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே போகிறது. வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக. விநியோகம் இல்லாத நாட்களில் குழாயில் அழுத்தம் இல்லாததால், விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகும் வாய்ப்பும் அதிகம். இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்திலேயே ஆறு ஓடும் ஊரில் ஒரே இடத்தில் மருந்து கலந்து இந்த அளவைக் காப்பாற்றிவிடலாம். இங்கே தொடக்கத்தில் கலந்தது போதாமல் நடுவழியிலும், ஊருக்குள்ளும் மீண்டும் கலக்க வேண்டியிருக்கும். ஊர் எவ்வளவுக்கு வறண்டதோ அவ்வளவுக்கு குளோரின் கையாளும் இடங்கள் பெருகுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் ஆள் எண்ணிக்கையோ குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வில்தான் என் கவலை தொடங்குகிறது.

குளோரின் வாயு காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழும்பிக் கலைந்துவிடாது. தரையோடு தரையாக, பள்ளத்தையும் வாய்க்காலையும் தேடிப் போகும். உருளைக்குள் அழுத்தத்தில் திரவமாக இருப்பது, வெளியே வந்ததும் சுமார் 450 மடங்கு பருமன் கொண்ட வாயுவாக விரியும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகி நுரையீரலை வேகவைக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. குடிநீர் நிலையங்களில் பணியாளர்கள் 'டன்னர்' என்று சொல்லும் பெரிய உருளை ஒன்றில் 900 கிலோ திரவக் குளோரின் இருக்கும். அது முழுவதும் வாயுவானால் சுமார் 310 கன மீட்டர். அந்த வாயுவைப் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அடர்த்திக்குச் சீராகப் பரப்பினால், தரையிலிருந்து 10 மீட்டர் உயரம் வரை, மூன்று சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான பரப்பை நிரப்பும். உண்மையான கசிவு இப்படிச் சீராகப் பரவாது. காற்றடிக்கும் பகலில் சீக்கிரம் நீர்த்துப்போகும். காற்று அசையாத விடியற்காலையில் அடர்த்தியாக ஒரே பக்கம் நகரும். கணக்கு தோராயமானதுதான். ஆனால் ஒரே ஓர் உருளையின் எல்லை நிலையத்தின் சுற்றுச்சுவரோடு முடியாது என்பதைக் காட்ட இது போதும்.

இது வெறும் கணக்கு அல்ல என்பதற்குச் சான்றுகள் இந்தியாவிலேயே உண்டு. 2022 அக்டோபரில் போபால் மாநகராட்சியின் ஈத்கா ஹில்ஸ் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் உருளை கசிந்தது. பக்கத்திலிருந்த மதர் இந்தியா காலனி மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவின் காயம் இன்னும் ஆறாத ஒரு நகரத்தில், குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்திலிருந்தே மறுபடி நச்சு வாயு வந்தது. 2008 மே மாதம் ஜாம்ஷெட்பூரில் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்த குளோரினால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2010 ஜூலையில் மும்பை துறைமுகத்தின் சேவ்ரி பகுதியில், பல ஆண்டுகளாக யாரும் எடுத்துச் செல்லாமல் கிடந்த பழைய உருளைகளில் ஒன்று கசிந்தபோதும் அதே அளவில் பாதிப்பு. நம் மாநிலத்தில் 2021 ஜூலையில் ஈரோடு சித்தோடு அருகே பிளீச்சிங் திரவம் தயாரிக்கும் ஒரு சிறிய ஆலையில் குளோரின் கசிந்து அதன் உரிமையாளரே இறந்தார். வெளிநாட்டைப் பார்த்தால், 2022 ஜூனில் ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது அறுந்து விழுந்த ஒரே ஒரு குளோரின் கலன் 13 பேரின் உயிரைக் குடித்தது. உள்நாட்டு நிகழ்வுகளில் எதுவும் மாபெரும் ரசாயனத் தொழிற்பேட்டையில் நடந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் சிறிய இடம், சில உருளைகள், சுற்றிலும் குடியிருப்பு.

இத்தகைய இடங்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? போபாலுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-இல் ஆபத்தான வேதிப்பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதிக்கான விதிகள் வந்தன. 1996-இல் ரசாயன விபத்துகளுக்கான அவசரகாலத் திட்ட விதிகள் சேர்ந்தன. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் அமைக்க அவையே வழி செய்தன. நல்ல விதிகள்தான். வளாகத்துக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று நிலையத்தை நடத்துபவர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே மக்களைக் காப்பதற்கான திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். ஒத்திகை நடத்த வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆபத்தின் தன்மையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் குளோரினைப் பொறுத்தவரை இந்தக் கடமைகள் தொடங்குவது 10 டன்னில். விரிவான பாதுகாப்பு அறிக்கை கேட்பது 25 டன்னில். 900 கிலோ உருளைகள் பதினொன்றை ஒரே கொட்டகையில் அடுக்கினாலும் 9,900 கிலோதான் ஆகும். எல்லைக்கோட்டுக்கு 100 கிலோ குறைவு. நடுத்தர நகரம் ஒன்றின் குடிநீர் நிலையம் இந்த எல்லையைத் தொடவே போவதில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான விதி குளோரினுக்கு 680 கிலோவிலேயே தொடங்குகிறது. சுற்றுப்புற மக்களைக் காப்பதற்கான இடர் மேலாண்மைத் திட்டம் 1,134 கிலோவில். அங்கே முதல் உருளை வந்ததுமே ஒரு விதியும் இரண்டாவது வந்ததும் அடுத்த விதியும் விழித்துக்கொள்கின்றன. இங்கே பன்னிரண்டாவது உருளை வரும்வரை உறக்கம். போபாலைப் பார்த்த நாடு போட்ட எல்லைக்கோடு இதுவென்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எல்லைக்கோட்டுக்குக் கீழே இருப்பதால் சட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்தி முறை என்பதை வரையறுத்தபோது, தண்ணீரையும் கழிவுநீரையும் இயந்திரத்தால் ஏற்றுவதையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்தது. உள்ளாட்சி அமைப்புக்குச் சொந்தமான தொழிற்சாலையில் பொறுப்பாளர் யார் என்ற கேள்விக்கும் அது பதில் வைத்திருந்தது: அந்த இடத்தை நிர்வகிக்க உள்ளாட்சி நியமித்த நபரே. ஆக, நகராட்சியின் நீரேற்று நிலையம் தொழிற்சாலையாக இருக்க முடியும் என்பதில் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சட்டமியற்றியவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்தால் போதும் என்றது அந்தச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தொழிற்சாலைக்கான அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. ஷிஃப்டுக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு இந்த உயர்வின் பொருள் வெளிப்படை. தானியங்கி வால்வுகளும் மோட்டார்களும் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகும் காலத்தில், ஆட்களை எண்ணி ஆபத்தை அளக்கும் வழக்கம் தலைகீழானது. ராத்திரி ஷிஃப்டில் ஒரே ஆள் இருக்கும் நிலையம்தான் இருபது பேர் இருக்கும் நிலையத்தைவிட அபாயத்தில் இருக்கிறது. வாயு பட்டு அவர் விழுந்தால் தூக்கிவிடவும் தகவல் சொல்லவும் இன்னொருவர் இல்லை.

இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லையே என்பது பொறியாளர்கள் பலரும் சொல்லும் பதில். மதிக்க வேண்டிய பதில்தான்; நம் குடிநீர்ப் பணியாளர்களின் அனுபவ அறிவு குறைத்து மதிப்பிடத்தக்கதல்ல. வாடையை வைத்தே வாஷர் தேய்ந்ததைச் சொல்லக்கூடியவர்கள் உண்டு. ஆனால் அந்த அறிவு நிரந்தரப் பணியாளர்களிடம் வளர்ந்தது. அவர்கள் ஓய்வு பெறப் பெற, இயக்கமும் பராமரிப்பும் ஒப்பந்ததாரர்களிடம் போகின்றன. ஒப்பந்தம் மாறும்போது ஆளும் மாறுகிறார். காகிதத்தில் எழுதப்படாத அறிவு அவரோடு வெளியே போய்விடும். பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை எழுதி வைக்கச் சொல்வது பழைய பணியாளரின் மேல் நம்பிக்கையில்லாமல் அல்ல. அவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. இன்னொன்று, குளோரின் உருளைகள் ஆபத்தானவையாவது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அல்ல. கருவி பழுதாகி, பிளீச்சிங் பவுடருக்கு மாறிவிட்ட நிலையத்தின் மூலையில், பாதி தீர்ந்த நிலையில் துருப்பிடித்துக் கிடக்கும்போதும்தான். சேவ்ரியிலும் கைவிடப்பட்டுக் கிடந்த உருளைதான் கசிந்தது. ஒரு நகராட்சி முதலில் செய்ய வேண்டிய வேலை, தன் எல்லைக்குள் பயன்பாட்டில் இருப்பவையும் இல்லாதவையுமாக எத்தனை உருளைகள், எந்தச் சோதனைத் தேதியோடு, எங்கே கிடக்கின்றன என்று கணக்கெடுப்பது. உருளையின் மேலேயே சோதனைத் தேதி பொறித்திருக்கும். இந்த வேலைக்கு நிபுணர் குழு எதுவும் வேண்டாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. குளோரினைப் பற்றிப் பயத்தைக் கிளப்பினால், பயந்த பணியாளர் மருந்தைக் குறைத்துக் கலப்பார், நோய் வரும், வாயுக் கசிவில் பாதிக்கப்படுவதைவிடப் பல மடங்கு பேர் வயிற்றுப்போக்கில் பாதிக்கப்படுவார்கள் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரம் தன் குடிநீர் முழுவதற்கும் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியதிலிருந்து, இந்த மலிவான மருந்து காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. குளோரினை நிறுத்து என்று ஒருவர் சொன்னால் நானும் அவருக்கு எதிர்ப்பக்கம்தான் நிற்பேன். ஆனால் பாதுகாப்பும் மருந்தளவும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் தவறு. மருந்து சரியாகக் கலக்கப்படாமல் போவதற்குப் பல இடங்களில் காரணமே பாதுகாப்பின்மைதான். முகமூடி இல்லை, கசிவை அடைக்கும் கருவி இல்லை, உருளையை மாற்றத் தெரிந்தவர் விடுப்பில் என்றால், அன்று யாரும் அந்த அறைக்குள் போக மாட்டார்கள். தண்ணீர் மருந்தில்லாமலே ஊருக்குப் போகும். தெருக்குழாயில் குளோரோஸ்கோப் வைத்து எஞ்சிய குளோரினைப் பார்த்து எழுதும் பதிவேடும், உருளைக் கொட்டகையின் பாதுகாப்புப் பதிவேடும் ஒரே மேசையில் இருக்க வேண்டியவை. ஒன்று ஒழுங்காக இருந்தால் மற்றதும் ஒழுங்காக இருக்கும்.

திட்டம் என்றால் தடிமனான கோப்பு என்று நினைக்க வேண்டியதில்லை. நிலையத்துச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டக்கூடிய சில பக்கங்கள். டன்னரைக் கிடத்தி வைத்திருக்கும்போது அதன் இரண்டு வால்வுகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். கசிவு கீழ்ப்பக்கம் என்றால் உருளையை உருட்டிக் கசியும் இடத்தை மேலே கொண்டுவர வேண்டும். அப்போது திரவத்துக்குப் பதில் வாயு மட்டும் வெளியேறும், ஆபத்து பல மடங்கு குறையும். ஆகவே உருட்டுவதற்கான தாங்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பது வாராந்திர வேலை. உருளையில் உருகும் செருகிகள் இருக்கின்றன; 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருகி வாயுவை வெளிவிடும். ஆகவே கொட்டகைக்குக் கூரை வேண்டும், பக்கத்தில் சருகு எரிக்கக் கூடாது. அருப்புக்கோட்டை வெயிலில் நிழலில்லாமல் கிடக்கும் உருளை மன்னிக்க முடியாத அலட்சியம். கசியும் உருளையின் மேல் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. ஈரமும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் அமிலம் ஓட்டையைப் பெரிதாக்கும். தீயணைப்பு வண்டியோடு வருபவர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடியால் பயனில்லை. முதுகில் காற்று உருளையோடு மாட்டும் சுவாசக் கருவி வேண்டும், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் அவரைக் கண்காணிக்க. அந்தக் கருவி குளோரின் அறைக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இல்லாததற்குச் சமம். கசிவை அடைக்கவே முடியாவிட்டால் வாயுவை முறிக்கக் காஸ்டிக் சோடா வேண்டும்: 900 கிலோ குளோரினை முழுதும் முறிக்க ஆயிரம் கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தேவை. மூலையில் இரண்டு மூட்டை வைத்துவிட்டு ஏற்பாடு இருக்கிறது என்று எழுதுவது ஏற்பாடு ஆகாது. காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் துணிக்குழல் ஒன்றைக் கம்பத்தில் கட்ட ஆகும் செலவு சில நூறு ரூபாய். மக்கள் எந்தத் தெரு வழியாகக் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், கிணறு, பள்ளம், தாழ்வான அறைகளில் ஏன் ஒளியக் கூடாது என்பதை அந்தக் குழல் இருந்தால்தான் சொல்ல முடியும். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கைகள் எத்தனை, மிஞ்சினால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு யார் பேசுவது என்பதும் அந்தப் பக்கங்களில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

ஆபத்தை நிர்வகிப்பதைவிட அதையே குறைக்கும் வழியும் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வாஷிங்டன் நகரத்தின் புளூ பிளெயின்ஸ் கழிவுநீர் நிலையம் தன் குளோரின் வாயுத் தொட்டிகளை அகற்றிவிட்டு ஹைபோகுளோரைட் என்ற பிளீச்சிங் திரவத்துக்கு மாறியது. அருப்புக்கோட்டை அளவுள்ள ஊருக்கு அது இன்னும் எளிது. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 87 ஆயிரம். தலைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோல்படி முழுதாகக் கொடுத்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்தால் 24 கிலோ குளோரின் போதும். இதை உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி நிலையத்திலேயே தயாரிக்கலாம். கிலோ குளோரினுக்கு மூன்று முதல் நாலரை கிலோ உப்பும் சுமார் ஐந்து யூனிட் மின்சாரமும் ஆகும் என்று வைத்தால், நாளைக்கு சுமார் 72 முதல் 108 கிலோ உப்பும் 120 யூனிட் மின்சாரமும். உப்பு விளையும் தூத்துக்குடி பக்கத்து மாவட்டம். இந்த முறையில் கிடைப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவான நீர்த்த கரைசல், கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் அடர் ஹைபோகுளோரைட்டைப் போல வெயிலில் வீரியம் இழந்து வீணாவதும் இல்லை. கருவிக்கு முதலில் ஆகும் செலவு அதிகம், மின்முனைகளைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உடன் வெளியாகும் ஹைட்ரஜனைக் காற்றோட்டத்தோடு வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் உண்மை. இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், மக்கள் நெருங்கி வாழும் ஊருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு இதுவே சரி என்பது என் முடிவு. பெரிய தலைமை நிலையங்களில் வாயு தொடரலாம், முழுப் பாதுகாப்போடு.

மாற்றினால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடவும் முடியாது. ஹைபோகுளோரைட்டும் படிகாரக் கரைசலும் கலந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். இரண்டுமே சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவை. ஒன்றின் தொட்டியில் மற்றதை ஊற்றிவிடும் தவறு உலகெங்கும் குடிநீர் நிலையங்களில் நடந்திருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு நிறக் குழாய், வேறு வேறு வாய் அளவு, தமிழில் பெரிய எழுத்துப் பலகை என்று செலவில்லாத தடுப்புகள் இருக்கின்றன. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களின் கிராமங்களில் வாயு உருளையே கிடையாது; மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார். குறைந்த ஊதியத்தில், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல், வாளியோடு தொட்டியின் ஏணியில் ஏறும் அந்த மனிதரும் வேதிப்பொருள் கையாளும் தொழிலாளிதான். ஈரத்தில் கட்டிதட்டிய பவுடர் அவர் கண்ணையும் பாதிக்கும், தண்ணீரையும் காக்காது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால் தொட்டிகளும் இணைப்புகளும் பெருகியிருக்கின்றன. அவருடைய பயிற்சிக்கும் அதே வேகம் வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபையில், பவுடர் எப்போது வாங்கியது, எங்கே வைத்திருக்கிறது, கையுறை கொடுத்தார்களா என்று மூன்று கேள்வி கேட்க எந்தக் கிராமத்தாலும் முடியும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். நகராட்சிகளின் கஜானா நிலை தெரியாமல் இதைச் சொல்லவில்லை. சுவாசக் கருவி, கசிவடைக்கும் கருவிப்பெட்டி, காஸ்டிக் தொட்டி, வாயு உணரி எல்லாம் சேர்ந்தாலும், கோடிக்கணக்கில் போடப்படும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் மதிப்பீட்டில் அது கண்ணுக்குத் தெரியாத பங்கு. செலவு சிறிதாக இருந்தும் விடுபடுவதற்குக் காரணம், மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கென ஒரு வரி இல்லாததே. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் நகராட்சி நிர்வாகமும் இயக்க ஒப்பந்தம் போடும்போது, பயிற்சி பெற்ற இருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் தொகை பிடிக்கப்படும் என்று எழுதினால், அந்த வரி உருவாகிவிடும். பொறுப்பை ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிட்டு நகராட்சி விலகிக்கொள்ளவும் இதில் இடமில்லை. பழைய சட்டம் சொன்னபடி, நிர்வகிக்க நியமிக்கப்பட்ட அலுவலரின் பெயர் நிலையத்தின் வாசலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் வெளிப்படையாகச் சொன்னால் பக்கத்துத் தெருவில் பீதி பரவும் என்பார்கள். போபால் மதர் இந்தியா காலனிக்காரர்கள் திக்குத் தெரியாமல் ஓடினார்கள். எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று முன்பே தெரிந்த மக்கள் அப்படி ஓட வேண்டியதில்லை. 10 டன் எல்லைக்குக் கீழே இருக்கும் நிலையங்களையும் சேர்த்துக்கொள்ள மத்திய அரசு விதியைத் திருத்துவது நீண்ட கால வேலை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் விருதுநகர் மாவட்ட நெருக்கடிக் குழுவின் அடுத்த ஒத்திகைக்குப் பட்டாசு ஆலை ஒன்றுக்குப் பதிலாக ஒரு குடிநீர் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. தீயணைப்பு நிலையம், அரசு மருத்துவமனை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர், நிலையத்தைச் சுற்றியுள்ள வார்டுகளின் உறுப்பினர்கள், அன்றைய ஷிஃப்டில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர்கள் என எல்லோரையும் அழைத்து ஒருநாள் காலையில் அதை நடத்த மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். ஒத்திகையில் எது எது இல்லை என்று தெரியவந்ததோ, அந்தப் பட்டியலை நகர்மன்றக் கூட்டத்தில் வைத்து, அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.